மீள், மீட்பு, மீண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிழை திருத்தும் வேலையில் இருப்பதால் சொற்களைப் பற்றிய சந்தேகங்கள் தினமும் என்னிடம் வரும். அதில் 'மீட்பு' என்ற சொல்லைச் சுற்றியே அத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். முதல் ஐந்தாறு கேள்விகளை வரிசையாகப் படித்துவிட்டால் பிறகு வருவதெல்லாம் எளிதாகிவிடும்.

மீட்பு என்றால் காப்பாற்றுவதுதானே? வேறு என்ன அர்த்தம் இருக்கிறது?

காப்பாற்றுவது அந்தச் சொல்லின் ஒரு பயன்பாடு, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பொருள் 'போன இடத்திலிருந்து பழைய இடத்துக்குக் கொண்டுவருதல்'. ஒரு பொருளோ ஆளோ முன்பு ஓர் இடத்தில், ஒருவர் கையில், ஒரு நிலையில் இருந்திருக்க வேண்டும். அதை விட்டுப் போயிருக்க வேண்டும். இப்போது திரும்பி வர வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் அது மீட்பு.

மழையில் நனையப் போகிறவருக்குக் குடை கொடுத்தால் காப்பாற்றினோம் என்று சொல்லலாம், மீட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. வெள்ளத்தில் சிக்கியவரைக் கரைக்குக் கொண்டுவந்தால் மீட்டோம் என்கிறோம். அவர் கரையில் இருந்தவர், வெள்ளம் கொண்டுபோனது, மறுபடி கரைக்கே வந்தார். இந்த வழித்தடத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

இது வடமொழிச் சொல்லா, தமிழ்ச் சொல்லா? வேர் என்ன?

சுத்தமான தமிழ்ச் சொல். வேர் 'மீள்'. திரும்பு, திரும்பி வா என்பது பொருள். மீண்டான், மீள்கிறான், மீள்வான், மீளும், மீளாத, மீண்டு, மீண்டும், மீட்டான், மீட்க, மீட்சி, மீட்பு, மீட்பர் எல்லாம் அந்த ஒரே வேரில் கிளைத்தவை.

இந்த மாதிரி வளர்ச்சி 'மீள்' என்பதற்கு மட்டும் உரியதல்ல. ஆள் என்பதிலிருந்து ஆண்டான், ஆட்சி. நீள் என்பதிலிருந்து நீண்டது, நீட்சி. மருள் என்பதிலிருந்து மருண்டான், மருட்சி. இவற்றின் பக்கத்தில் மீள், மீண்டான், மீட்சி என்று வைத்துப் பாருங்கள், ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும்.

'மீண்டான்', 'மீட்டான்' இரண்டில் எது சரி?

இரண்டும் சரி. பொருள்தான் வேறு. தானே திரும்பினால் மீண்டான். இன்னொன்றைத் திருப்பிக் கொண்டுவந்தால் மீட்டான். நோயிலிருந்து மீண்டான், நிலத்தை மீட்டான்.

இலக்கணத்தில் இதைத் தன்வினை, பிறவினை என்பார்கள். சேர்ந்தான், சேர்த்தான். பிரிந்தான், பிரித்தான். தானே செய்யும்போது மெல்லின ஓசை, பிறரையோ பிறிதையோ செய்விக்கும்போது வல்லின ஓசை. ண் இருந்த இடத்தில் ட் வருவதும் அதே கணக்குத்தான். இலக்கண விதியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை. 'எதை?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தால் மீட்டான், கிடைக்காவிட்டால் மீண்டான்.

'மீண்டும்' என்று தினமும் சொல்கிறோமே, அதுவும் இந்தச் சொல்தானா?

அதேதான். மீண்டு + உம் = மீண்டும். நேர்ப்பொருள் 'திரும்பியும்'. ஒரு செயலை இரண்டாம் முறை செய்வது என்றால் அந்தச் செயலுக்குத் திரும்பிப் போவது என்று தமிழ் நினைத்திருக்கிறது. பேச்சில் 'திரும்பச் சொல்லு', 'திருப்பிச் சொல்லு' என்கிறோமே, அங்கும் இதே நினைப்புத்தான். சொல் மட்டும் வேறு, போன பாதை ஒன்று.

எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்த இடம் இது. மீள் என்ற வினை பேச்சில் அரிதாகிவிட்டது. 'நான் ஊருக்கு மீள்கிறேன்' என்று யாரும் பேசுவதில்லை. ஆனால் அதன் எச்சம் 'மீண்டும்' என்று ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு முறையாவது எழுதப்படுகிறது.

'மீண்டு வந்தார்', 'மீண்டும் வந்தார்' இரண்டும் ஒன்றா?

இல்லை. ஒரு மகர மெய்யில் பொருளே மாறிவிடும். 'புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தார்' என்றால் குணமாகி வந்தார். 'மீண்டும் வந்தார்' என்றால் இன்னொரு முறை வந்தார். நான் திருத்திய ஒரு கட்டுரையில் 'புற்றுநோயிலிருந்து அவர் மீண்டும் வந்தார்' என்று அச்சுக் கோத்திருந்தார்கள். படிப்பவருக்கு நோய் திரும்பி வந்துவிட்டதோ என்று ஒரு கணம் நெஞ்சு பதறும். ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லும் வாக்கியம் அது. அந்த ஒரு எழுத்துக்காக மெய்ப்பை நிறுத்தி வைத்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

மீள், மீழ், மீல் எல்லாம் எழுதுகிறார்கள். எப்படி நினைவில் வைப்பது?

இறந்தகாலத்தைச் சொல்லிப் பார்த்தால் போதும். ழகரத்தில் முடியும் வினை பெரும்பாலும் ந்த் எடுக்கும்: வாழ் வாழ்ந்தான், தாழ் தாழ்ந்தான், வீழ் வீழ்ந்தான். லகரம் ன்ற் அல்லது ற்ற் பக்கம் போகும்: வெல் வென்றான், நில் நின்றான், கல் கற்றான். ளகரம் ண்ட் அல்லது ட்ட் ஆகும்: ஆள் ஆண்டான், கேள் கேட்டான்.

நாம் சொல்வது மீண்டான், மீட்டான். மீழ்ந்தான் என்றோ மீன்றான் என்றோ சொல்வதில்லை. ஆகவே மீள். இதே காரணத்தால் 'மீன்டும்' என்று எழுதுவதும் தவறு, 'மீண்டும்'தான்.

மீட்சிக்கும் மீட்புக்கும் என்ன வித்தியாசம்? இரண்டையும் மாற்றி மாற்றிப் போடலாமா?

மீண்டான், மீட்டான் வேறுபாட்டை மேலே சொன்னேன் அல்லவா? அதுதான் இங்கே பெயர்ச்சொல்லாக வருகிறது. தானே திரும்புவது மீட்சி, ஒருவர் திருப்பிக் கொண்டுவருவது மீட்பு. பொருளாதாரம் சரிந்து பிறகு நிமிர்ந்தால் பொருளாதார மீட்சி. சுரங்கத்தில் சிக்கியவர்களை வெளியே எடுத்தால் மீட்பு.

பள்ளி இயற்பியல் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பட்டையை இழுத்து விட்டால் பழைய அளவுக்குத் தானே வந்துவிடும். அதற்குப் பாடநூலில் மீட்சிப் பண்பு என்று பெயர். அளவுக்கு மேல் இழுத்தால் திரும்பாது, அந்த எல்லைக்கு மீட்சி எல்லை என்று பெயர். யாரும் உள்ளே கை வைத்துப் பட்டையைப் பழைய நிலைக்குத் தள்ளவில்லை, அதனால் மீட்புப் பண்பு என்று சொல்லவில்லை. அந்தக் கலைச்சொல்லை ஆக்கியவர் தமிழின் காதை நன்றாக அறிந்தவர்.

பழைய நூல்களில் மீட்சி என்பது 'மீட்டல்' என்ற பொருளிலும் வந்திருக்கிறது. அங்கே போய்த் திருத்த வேண்டாம். இன்று எழுதும்போது இந்த வேறுபாட்டைக் காப்பது நல்லது.

பழைய காலத்தில் எதை மீட்டார்கள்?

மாட்டை. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் இருந்த காலம். பகைவர் ஊருக்குள் புகுந்து ஆநிரையைக் கவர்ந்து போவதுதான் போரின் முதல் அடி. அது வெட்சி. கவர்ந்த நிரையைத் துரத்திப் போய்த் திருப்பிக் கொண்டுவருவது கரந்தை. 'வெட்சி நிரைகவர்தல் மீட்டல் கரந்தையாம்' என்று தொடங்கும் பழைய வெண்பாவைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் பலர் இருப்பீர்கள். அதில் வரும் 'மீட்டல்' நம் சொல்தான். தொல்காப்பியம் கரந்தையைத் தனித் திணையாக வைக்காமல் வெட்சிக்குள்ளேயே அடக்கிவிடுகிறது. ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையில் அது தனித் திணையாக நிற்கிறது.

நூலில் மட்டும் இருந்திருந்தால் இது புலவர்களின் மரபு என்று நினைத்துவிடலாம். நடுகற்களில் இருக்கிறது. செங்கம், தருமபுரிப் பகுதி நடுகற்களில் 'தொறு' என்ற சொல்லைப் பார்க்கலாம். தொறு என்றால் மாட்டு மந்தை. 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வெட்டியிருப்பார்கள். மந்தையை மீட்டு, அந்தச் சண்டையில் இறந்துபோனான் என்று பொருள். அந்தக் கற்களில் சில மகேந்திரவர்மன் போன்ற பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டைத் தாங்கி நிற்கின்றன.

மூன்றே சொற்கள். மாடு திரும்பி வந்தது, போனவன் திரும்பவில்லை. 'மீட்டு' என்ற எச்சமும் 'பட்டான்' என்ற முற்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இந்தச் சொல்லுக்கு எவ்வளவு விலை கொடுத்திருக்கிறார்கள் என்று புரியும்.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல் இன்னும் பல நூற்றாண்டு மூத்தது, தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ளது. அதில் 'ஆகோள்' என்ற சொல் வருகிறது. ஆவைக் கொள்ளுதல், அதாவது கவர்தல். கதையின் முதல் பாதி அங்கே.

'மீளா அடிமை' என்று தேவாரத்தில் வருகிறதே. மீள்வது நல்லதுதானே, ஏன் மீளாமல் இருக்கச் சொல்கிறார்?

சுந்தரர் திருவாரூரில் பாடிய பதிகம், 'மீளா அடிமை உமக்கே ஆளாய்' என்று தொடங்கும். மீளா என்றால் மீளாத. பழைய காலத்தில் கடனுக்காகவோ ஓலையின் பேரிலோ அடிமையானவர் விலை கொடுத்து மீளலாம். சுந்தரர் கதையில் அந்த ஓலையே வருகிறது. திருவெண்ணெய்நல்லூரில் ஒரு முதியவர் வழிவழி அடிமை என்று ஆவண ஓலையைக் காட்டி அவரைத் தடுத்து ஆட்கொண்டார் என்பது பெரியபுராணம். அப்படி ஓலையால் ஆளானவர் 'நான் மீட்டுக்கொள்ள விரும்பாத அடிமை' என்று சொல்கிறார். சட்டச் சொல்லைப் பக்திக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கண் பார்வையை இழந்து, ஒரு கண்ணைக் காஞ்சியில் பெற்று, மறு கண்ணுக்காகத் திருவாரூரில் நின்று பாடியதாகச் சொல்வார்கள். பார்வை மீள வேண்டும், அடிமை மட்டும் மீளக் கூடாது.

குலசேகராழ்வாரும் வித்துவக்கோட்டுப் பாசுரத்தில் 'மீளாத் துயர் தரினும்' என்கிறார். அறுத்துச் சுட்டாலும் மருத்துவனை விட்டுப் போகாத நோயாளியின் உவமை அங்கே வரும். இன்று இரங்கல் செய்திகளில் நாம் எழுதும் 'மீளாத் துயர்', 'மீளாத் துயில்' எல்லாம் இந்த வரிசைதான். துயில் என்றாலே எழுந்து வருவது. வராத துயில் என்று மரணத்தைச் சொல்கிறோம்.

அடகு வைத்த நகையை 'மீட்டேன்' என்பதா, 'திருப்பினேன்' என்பதா?

பேச்சில் 'நகையைத் திருப்பணும்', எழுத்தில் 'நகையை மீட்க வேண்டும்'. இரண்டும் ஒரே பொருள்தான். நகை உங்களுடையது, பணத்துக்காகப் போயிருக்கிறது, அசலும் வட்டியும் கட்டினால் வீட்டுக்கு வரும். முதல் பதிலில் சொன்ன மூன்றும் அச்சாகப் பொருந்தும் இடம் இது. புதிதாக நகை வாங்கினால் அதை மீட்டேன் என்று சொல்லவே முடியாது.

தவணை தப்பிப் போனால் 'நகை மூழ்கிப்போச்சு' என்பார்கள். மீட்காவிட்டால் மூழ்கும் என்ற இந்த ஜோடியை யார் சேர்த்தார்களோ தெரியாது, ஆனால் கேட்கும்போதெல்லாம் நீரில் கை நீட்டும் ஒரு படம் கண்ணுக்குள் வருகிறது. நிலத்துக்கும் இதே வினைதான்: ஒற்றியை மீட்டார், அடமானத்தை மீட்டார். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, அடமானம் வைத்தவருக்குச் சொத்தை மீட்கும் உரிமை உண்டு என்கிறது. இதை மீட்புரிமை என்று எழுதுகிறோம். வாங்கும் உரிமை வேறு, மீட்கும் உரிமை வேறு.

மற்ற திராவிட மொழிகளில் இந்தச் சொல் இருக்கிறதா?

மலையாளத்தில் கண்ணெதிரே இருக்கிறது. நம் 'மீண்டும்' அங்கே 'வீண்டும்'. மீட்டெடுப்பது 'வீண்டெடுக்குக'. மகரம் வகரமாகியிருக்கிறது, அவ்வளவுதான். தமிழிலேயே வானம், மானம் என்று இரண்டு வடிவங்களும் உண்டு. மலையாளப் பாட்டு கேட்கும்போது 'வீண்டும்' என்று காதில் விழுந்தால் நம் வீட்டுச் சொல் வேறு உடையில் வந்திருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வீணையை மீட்டுவதும் இதே மீட்டுதானா? தந்தி திரும்பி வருவதால் அப்படிச் சொல்கிறார்களா?

அழகான விளக்கம், பலரும் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. முதலில் வடிவத்தைப் பாருங்கள். நகையை மீட்டாள், வீணையை மீட்டினாள். நகையை மீட்கிறாள், வீணையை மீட்டுகிறாள். வினை திரியும் முறையே வேறு. அடுத்து, தெலுங்கிலும் கன்னடத்திலும் தந்தியைச் சுண்டுவதற்கு இதே ஒலியில் ஒரு வினை உண்டு, கன்னடத்தில் அதற்கு நெம்புதல் என்ற பொருளும் உண்டு. விரலால் நெம்பிச் சுண்டுவது என்ற தனி வேர் அது என்று கொள்வதே பொருத்தம்.

எழுதும்போது இது முக்கியம். 'நினைவுகளை மீட்டினாள்' என்றால் நினைவை வீணையாக்கி வாசிக்கிறாள். 'நினைவுகளை மீட்டாள்' என்றால் மறந்துபோனவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தாள். இரண்டும் நல்ல வாக்கியங்கள்தான். உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்து எழுதுங்கள்.

அப்படியானால் 'இரைமீட்டும் விலங்கு' என்கிறார்களே? அங்கே மீட்டும் என்றுதானே வருகிறது?

நல்ல பிடி. விழுங்கிய தீனியை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்வது இரைமீட்டல், அதாவது அசைபோடுதல். இங்கே பொருள் தெளிவாக 'திரும்பக் கொண்டுவருதல்', ஆனால் வினை மீட்டு, மீட்டும் என்று திரிகிறது. ஆகவே மேலே சொன்ன வடிவச் சோதனை நூற்றுக்கு நூறு சரியாக வராது. உருள் உருட்டினான், திரள் திரட்டினான் என்பதுபோல மீள் என்பதற்கும் மீட்டினான் என்று ஒரு பிறவினை இருந்திருக்கிறது. வீணை விஷயத்தில் பொருளையும் அண்டை மொழிகளையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு மாடு நிழலில் படுத்து அசைபோடும்போது கழுத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு கவளத்தை மென்று விழுங்கும், ஒரு நொடி சும்மா இருக்கும், அப்புறம் தொண்டையில் ஒரு உருண்டை கீழிருந்து மேலே ஏறும். அந்த ஏற்றம்தான் மீட்டல்.

இலங்கைத் தமிழில் இந்த வடிவம் இன்னும் உயிரோடு இருக்கிறது. தேர்வுக்கு முன் படித்த பாடத்தைத் திரும்பப் பார்ப்பதை அங்கே மீட்டல் என்கிறார்கள், மீட்டல் பயிற்சி என்று வினாத்தொகுப்பு வரும். நாம் திருப்புதல் தேர்வு என்கிறோம். மறுபடி அதே ஜோடி, திருப்புதலும் மீட்டலும்.

மீட்பர், இரட்சகர் இரண்டும் ஒன்றுதானே?

பேச்சு வழக்கில் ஒன்றாகிவிட்டன. இரட்சகர் என்பது காத்தல் என்ற பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்தது, காப்பவர். மீட்பர் திருப்பிக் கொண்டுவருபவர். பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு இந்த இரண்டையும் பல இடங்களில் பிரித்தே வைத்திருக்கிறது. யோபு நூலில் 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார்' என்று வரும் இடத்தில் மூல எபிரேயச் சொல், கைவிட்டுப்போன குடும்ப நிலத்தையோ அடிமையாகிவிட்ட உறவினரையோ விலை கொடுத்து மீட்கக் கடமைப்பட்ட நெருங்கிய உறவினரைக் குறிப்பது. தமிழில் மீட்பர் என்பது அச்சொட்டாகப் பொருந்திவிட்டது. பிணைத்தொகைக்கு அந்த மொழிபெயர்ப்பு 'மீட்கும்பொருள்' என்று எழுதியது. அடகுக்கடைச் சொல்லும் வேதச் சொல்லும் ஒன்று என்று சிலருக்குச் சங்கடம். எனக்கு அது அந்த மொழிபெயர்ப்பின் வலிமையாகத் தெரிகிறது.

1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், இரட்சகர் இருந்த இடங்களிலும் மீட்பர் என்று எழுதியது. தமிழ்ச் சொல் பரவியது நல்லதே. அதோடு பழைய பாகுபாடு மங்கியதும் உண்மை.

திருடனிடமிருந்து நகை 'பறிமுதல்' என்று ஒரு செய்தி, 'மீட்பு' என்று இன்னொரு செய்தி. எது சரி?

உரியவருக்குத் திரும்பிப் போக வேண்டிய பொருள் என்றால் மீட்பு. கஞ்சா, கள்ளச்சாராயம் போல யாருக்கும் திருப்பித் தர முடியாதது என்றால் பறிமுதல். திருட்டு நகை மீட்பு, கடத்தல் தங்கம் பறிமுதல். 'கஞ்சா மீட்பு' என்று எழுதினால் அதைத் தொலைத்தவர் யார் என்று கேட்கத் தோன்றும்.

'சடலமாக மீட்பு' என்று எழுதுவது கொடுமையாக இருக்கிறது. உயிர் போன பிறகு என்ன மீட்பு?

சொல்லளவில் தவறில்லை. ஆழத்தில் போன உடல் வீட்டாரிடம் திரும்புகிறது. அந்தத் திரும்புதல் அவர்களுக்குச் சிறிய விஷயம் அல்ல. ஆனால் 'சிறுவன் சடலமாக மீட்பு' என்ற தலைப்பில் முதலில் நம்பிக்கை தருவதும் அந்தச் சொல்தான். நான் 'உடல் எடுக்கப்பட்டது' என்றோ 'உடல் கிடைத்தது' என்றோ மாற்றிவிடுவேன். படிப்பவர்களில் அந்தச் சிறுவனின் உறவினரும் இருக்கலாம்.

கொத்தடிமைகள் 'விடுதலை' என்பதா, 'மீட்பு' என்பதா?

கட்டை அவிழ்ப்பது விடுதலை. அவிழ்த்த பிறகு அவர்களைத் தங்கள் வாழ்வுக்குத் திருப்பிக் கொண்டுபோவது மீட்பு. 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்துக் கடன் கட்டை அறுத்தது. ஒரு செங்கல் சூளையிலிருந்து ஒரு குடும்பத்தை வண்டியில் ஏற்றி அழைத்து வருவது மீட்பு. இரண்டும் தேவை, ஒன்று இன்னொன்றாகாது.

மீள்பதிவு, மீள்வாசிப்பு, மீளாய்வு என்று எல்லாவற்றுக்கும் முன்னால் 'மீள்' போடுகிறார்களே, சரியா?

எல்லாவற்றுக்கும் பொருந்தாது. நான் கையாளும் அளவுகோல் இது: பழைய இடத்துக்கோ நிலைக்கோ திரும்புதல் இருந்தால் 'மீள்', வெறுமனே இன்னொரு முறை செய்தல் என்றால் 'மறு'. போரில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் ஊருக்கே போய்க் குடியமர்வது மீள்குடியேற்றம். இலங்கையில் பிறந்து பரவிய இந்தச் சொல்லில் 'மீள்' முழு உயிரோடு நிற்கிறது. அவர்களை வேறோர் இடத்தில் குடியமர்த்திவிட்டு அதையும் மீள்குடியேற்றம் என்று சொன்னால் சொல் பொய்யாகிறது. அதற்கு மறுகுடியமர்வு போதும்.

புத்தகத்தை இன்னொரு முறை அச்சடித்தால் மறுபதிப்பு, விடைத்தாளை இன்னொரு முறை திருத்தினால் மறுமதிப்பீடு. மறுசுழற்சி, மீள்சுழற்சி இரண்டும் வழக்கில் உண்டு, பொருள் திரும்பிப் புழக்கத்துக்கு வருவதால் இரண்டாவதையும் குறை சொல்ல மாட்டேன். மீள்வாசிப்பு என்பதை, பழைய நூலுக்குத் திரும்பிப் போய்ப் புதுக் கண்ணால் படித்தால் ஏற்கலாம்.

மீட்புபணியா, மீட்புப் பணியா? மீள்க் குடியேற்றமா, மீள்குடியேற்றமா?

மீட்புப் பணி, மீட்புக் குழு, மீட்புத் தொகை: ஒற்று மிகும். மீள்குடியேற்றம், மீள்பார்வை: மிகாது. சுடுசோறு, ஊறுகாய் போல வினையடி நேராகப் பெயரோடு ஒட்டும்போது வல்லினம் மிகுவதில்லை. 'மீளாத் துயர்' என்பதில் மிகும், அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

கைப்பேசியில் 'மீட்டமை' என்று இருந்தது. அழிந்த படங்கள் மீண்டு வரும் என்று அழுத்தினேன், எல்லாம் போய்விட்டது. இது யார் தவறு?

என் பெரியம்மாவுக்கும் இதுவே நடந்தது. பேரனின் படங்கள் சில காணாமல் போயின. அமைப்புகளுக்குள் போய்த் தேடியிருக்கிறார். 'மீட்டமை' என்று கண்டதும், மீட்டுத் தரப் போகிறது என்று நம்பி, 'உறுதியாகவா?' என்ற கேள்விக்கும் ஆம் என்று அழுத்திவிட்டார். மிச்சம் இருந்த படங்களும் போயின. அவர் தமிழை ஒழுங்காகப் படித்தார், அதனால்தான் ஏமாந்தார்.

அங்கே மீள்வது கைப்பேசியின் நிலை. ஆலையிலிருந்து வந்த நாளில் எப்படி வெறுமையாக இருந்ததோ அந்த நிலைக்குப் போகிறது. 'மீட்டெடு' என்று இருந்தால்தான் சேமித்து வைத்த நகலிலிருந்து தரவு திரும்ப வரும். இலக்கணப்படி இரண்டும் சரியான ஆக்கங்கள். ஆனால் ஒன்று தருவது, இன்னொன்று அழிப்பது. இரண்டுக்கும் ஒரே முன்பாதி வைத்தது பெரும் பிழை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 'தொடக்க நிலைக்குக் கொண்டுபோ, எல்லாம் அழியும்' என்று நீட்டி எழுதியிருந்தால் என்ன குறைந்துவிடும்? அதுவரை, 'மீள்' என்றோ 'மீட்டு' என்றோ தொடங்கும் எந்தப் பொத்தானைக் கண்டாலும் மீளப்போவது எது என்று கேட்டுவிட்டு அழுத்துங்கள்.

வெளிநாட்டிலிருந்து சிலைகள் வருகின்றன. 'மீட்டோம்' என்பதா, அவர்கள் 'திருப்பித் தந்தார்கள்' என்பதா?

ஒரே நிகழ்ச்சி, இரண்டு கரைகளிலிருந்து பார்க்கிறீர்கள். பத்தூர் நடராசர் லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி 1991இல் வந்தார். வழக்கு நடத்தி வென்றதால் மீட்டோம் என்பது முழுப் பொருத்தம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடுபோன நடராசர் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014இல் வந்தபோது, அந்நாட்டுப் பிரதமரே ஒப்படைத்தார். அவர்கள் பக்கத்திலிருந்து அது ஒப்படைப்பு, நம் பக்கத்திலிருந்து மீட்பு.

என் கவலை வேறு. சிலை நாட்டுக்குத் திரும்பினாலே மீட்பு முடிந்ததாக எழுதிவிடுகிறோம். பழைய இடம் என்பது கோயில் என்றால், சிலைப் பாதுகாப்பு மையத்தின் அறையில் நிற்கும் சிலை இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறது.

மீது, மீதி, மீறு இவையும் 'மீள்' குடும்பம்தானா?

இல்லை. இவை 'மேல்' என்ற பொருளுள்ள 'மீ' வழி வந்தவை. மேலே இருப்பது மீது, மேல் எஞ்சுவது மீதி, மேற்செல்வது மீறல். முதலெழுத்து ஒன்றாக இருப்பதால் மட்டும் சொற்கள் உறவாகிவிடாது.

'மீட்டுருவாக்கம்' என்கிறார்களே, அது மீட்பா, உருவாக்கமா? இல்லாமலே போனதை எப்படி மீட்க முடியும்?

இதுதான் எல்லாக் கேள்விகளிலும் கடினமானது. உ.வே.சாமிநாதையர் ஏடுகளைத் தேடி 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததை மீட்பு என்று தயங்காமல் சொல்லலாம். ஏடு எங்கோ ஒரு வீட்டில் இருந்தது, படிப்பவர் கைக்குத் திரும்ப வந்தது. ஆனால் இடிந்துபோன ஒரு கட்டடத்தை அடித்தளத்தையும் பழைய வரைபடத்தையும் வைத்துத் திரும்பக் கட்டினால், வந்திருப்பது பழையது அல்ல, பழையதன் வடிவம். அதை மீட்பு என்று மட்டும் சொன்னால் பொய், உருவாக்கம் என்று மட்டும் சொன்னால் அதற்குப் பின்னால் இருக்கும் ஆதாரத்துக்கு மரியாதை இல்லை. இரண்டையும் சேர்த்து மீட்டுருவாக்கம் என்றார்கள். உருவை மீட்டு ஆக்குவது.

மொழியியலாளர்கள் இதில் மிகவும் நேர்மையானவர்கள். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுத் தொல்திராவிடத்தில் ஒரு சொல் எப்படி இருந்திருக்கும் என்று கணிக்கும்போது, அதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். இது எழுத்தில் எங்கும் கிடைத்ததல்ல, நாங்கள் ஆக்கியது என்று அந்தக் குறிக்குப் பொருள். 'மீள்' என்பதன் தொல்வடிவை எழுதினால் அதன் முன்னாலும் அந்த நட்சத்திரத்தைப் போட வேண்டும்.